கேமரா கேள்வி-பதில்: 50,000 ரூபாயில் பறவைப் படம்

கேள்வி: கூந்தன்குளம் பக்கத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சீசனில் வரும் பறவைகளைப் படம் எடுக்க ஆசை. கையில் 50,000 ரூபாய் இருக்கிறது, அதற்கு மேல் வழியில்லை. கடையில் இரண்டு லென்ஸோடு வரும் புது கேமரா செட்டைக் காட்டுகிறார்கள். தம்பி பழையது வாங்கச் சொல்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: தம்பி பேச்சைக் கேளுங்கள், டீச்சர். அந்த செட்டில் 18-55 மி.மீ. லென்ஸ் ஒன்றும், 55-200 அல்லது 55-250 லென்ஸ் ஒன்றும் இருக்கும் (இந்த எண் கூடக் கூட, தூரத்தில் இருப்பது நெருக்கமாகத் தெரியும்). முதலாவது வீட்டு விசேஷங்களுக்கு ஆகும், பறவைக்கு ஆகாது. இரண்டாவது பரவாயில்லை, ஆனால் எட்டாது. ஆக, உங்கள் பணத்தில் பெரும்பங்கு புது பாடிக்கே (லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கே) போய்விடுகிறது.

பணம் அளவாக இருக்கும்போது முதலில் லென்ஸை முடிவு செய்துவிட்டு, மிச்சத்துக்கு எந்த பாடி கிடைக்கிறதோ அதை எடுக்க வேண்டும். பத்து வருடப் பழைய பாடியில் நல்ல லென்ஸை மாட்டினால் வரும் படம், இந்த வருடத்து பாடியில் சுமாரான லென்ஸை மாட்டினால் வராது. நல்ல வெளிச்சத்தில் இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம், இறகின் ஓரம் பிரிந்து தெரியும்.

உங்கள் தொகைக்கு நான் சொல்வது: பழைய நிக்கான் டி7200 பாடி, அதோடு ஏஎஃப்-பி (நிக்கானின் புதுவகை ஃபோகஸ் மோட்டார்) 70-300 வி.ஆர். (கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி) லென்ஸ், அதுவும் பழையதே போதும். டி7200 வந்தது 2015-இல். 24 மெகாபிக்சல், 51 ஃபோகஸ் புள்ளிகள், விநாடிக்கு 6 படம். சென்சார் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சாரைவிடச் சின்னது என்பதால் 300 மி.மீ. லென்ஸில் 450 மி.மீ. அளவுக்கு நெருக்கமாகத் தெரியும். கூந்தன்குளத்தில் ஊருக்குள் இருக்கிற மரங்களிலேயே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டுகின்றன, அதற்கு இது தாராளம். குளத்து நடுவில் இறங்குகிற வரித்தலை வாத்துக்குப் போதாதுதான், அதைக் கூட்டமாக, தண்ணீரோடு சேர்த்து எடுங்கள்.

லென்ஸ் வாங்கும்போது இரண்டு விஷயம். இந்த 70-300-இல் வி.ஆர். உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை உண்டு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உடம்பில் வி.ஆர். என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அப்புறம், இன்னும் மலிவாகக் கிடைக்கிறதே என்று டி90, டி7000, டி3100 போன்ற பழைய பாடிகளுக்குப் போய்விடாதீர்கள். ஏஎஃப்-பி லென்ஸ் அவற்றில் ஃபோகஸே ஆகாது. தெரியாமல் வாங்கிவிட்டு, லென்ஸ் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

எடுக்கும்போது கேமராவை மேனுவலில் வைத்து, ஷட்டர் வேகம் 1/1600 விநாடி, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) 6.3, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) ஆட்டோ, அதன் உச்சவரம்பு 3200. உட்கார்ந்திருக்கிற பறவைக்கு ஷட்டரை 1/500-க்கு இறக்கிக்கொள்ளலாம். வி.ஆர். உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், பறவையின் சிறகடிப்பை நிறுத்தாது, அதற்கு ஷட்டர் வேகம்தான் வேண்டும்.

எட்டவில்லையே என்று கூட்டை நோக்கி நடந்து போகாதீர்கள். தாய் எழும்பிப் போனால் குஞ்சு வெயிலில் கிடக்கும், காக்கை அதற்காகவே காத்துக்கொண்டிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள், எங்கே நின்றால் தொந்தரவில்லை என்று அவர்களிடமே கேளுங்கள், காட்டுவார்கள்.

கேள்வி: அண்ணா, நிக்கான் பி900 வாங்கினால் லென்ஸே மாற்ற வேண்டாம், நிலா வரைக்கும் ஜூம் ஆகும் என்கிறார்கள். கோடியக்கரை பூநாரைகளை எடுக்க அது போதாதா?
— கல்லூரி மாணவர், வேதாரண்யம்

பதில்: தம்பி, 83 மடங்கு ஜூம், 2000 மி.மீ.க்குச் சமம் என்பதெல்லாம் உண்மைதான். எங்கே இடிக்கிறது என்றால், அதன் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. மேலே சொன்ன டி7200-இன் சென்சார் பரப்பில் அதைவிடச் சுமார் 13 மடங்கு பெரியது. சின்ன சென்சாருக்கு வெளிச்சம் குறைவாகக் கிடைக்கிறது, அதனால் விடியற்காலையிலும் சாயங்காலமும் படம் பொரிபொரியாக வரும். பறவை நடமாடுவதோ அந்த நேரத்தில்தான். பறக்கும் பறவையை அதில் பிடிப்பதும் சிரமம், ஃபோகஸ் பின்தங்கிவிடும். பி900-இல் ரா ஃபைலும் (சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும், பிறகு திருத்த வசதியான கோப்பு) கிடையாது, 2020-இல் வந்த பி950-இல்தான் அதைக் கொடுத்தார்கள்.

கோடியக்கரையில் இன்னொரு சிக்கல். உப்பளத்தில் வெயில் ஏறியதும் கானல் ஆடும். அரை கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிற பூநாரையை 2000 மி.மீ.இல் இழுத்தால், நடுவில் இருக்கிற கானலையும் சேர்த்துத்தான் இழுக்கிறாய். எவ்வளவு விலை லென்ஸாக இருந்தாலும் அங்கே தோற்றுப்போகும். காலை எட்டு மணிக்குள் எடுத்து முடித்துவிடு.

என்ன பறவை என்று அடையாளம் காணவும், கணக்கெடுப்பில் கலந்துகொள்ளவும்தான் கேமரா வேண்டும் என்றால் பி900 நல்ல கருவி, யோசிக்காமல் வாங்கலாம். பெரிதாக அச்சிட்டு மாட்டுகிற மாதிரி படம் வேண்டுமென்றால் வேண்டாம்.

கேள்வி: சிக்மா 150-600 பழைய லென்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது. உள்ளே லேசாக ஃபங்கஸ் (பூஞ்சை) இருக்கிறது, படத்தில் தெரியாது என்கிறார் விற்பவர். விலையும் குறைவு.
— வாசகர், வால்பாறை

பதில்: வாங்காதீர்கள். உங்கள் ஊர் மழைக்கு அந்த லேசான ஃபங்கஸ் ஒரே சீசனில் பரவிவிடும், கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் போகாது. வேறு லென்ஸ் பாருங்கள். பார்க்கும்போது இரண்டு பக்க மூடியையும் கழற்றிவிட்டு, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கமாக உள்ளே பாருங்கள். தூசி நாலைந்து தெரிந்தால் தவறில்லை, பழைய ஜூம் லென்ஸ் எல்லாவற்றிலும் இருக்கும். நூல் நூலாகக் கிளை பிரிந்து படர்ந்திருந்தால் அதுதான் ஃபங்கஸ். பிறகு லென்ஸை உங்கள் பாடியில் மாட்டி, 600-இல் வைத்து, எதிரே இருக்கிற கடையின் பெயர்ப் பலகையை எடுத்து, எழுத்தின் ஓரங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் கிளம்பி வந்துவிடுங்கள். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் லென்ஸில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

இந்த லென்ஸில் கன்டெம்பரரி, ஸ்போர்ட் என்று இரண்டு உண்டு. முதலாவது கிட்டத்தட்ட 2 கிலோ, இரண்டாவது 3 கிலோவை நெருங்கும். மலையில் தூக்கிக்கொண்டு நடக்கிற உங்களுக்கு கன்டெம்பரரிதான் சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன், எதை எடுக்கப் போகிறீர்கள்? புதுத்தோட்டத்துச் சோலைமந்திகள் சாலையோரத்துக்கே வருகின்றன, அவற்றுக்கு 300 மி.மீ. அதிகம். உயரத்து மரத்தில் உட்காரும் இருவாச்சிக்காக என்றால் மட்டும் 600-க்குச் செலவழியுங்கள்.

வாங்கிய பிறகு துணிப்பையில் போட்டு பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல். நிறம் மாறியதும் வாணலியில் லேசாகச் சூடாக்கி எடுத்தால் திரும்பவும் பயன்படும்.