முறிகண்டிக் கச்சானும் கனடாக் குளிசையும்

கேள்வி: கனடாவில் இருக்கிற மகள் ‘றெஸ்வரட்ரோல்’ என்ற குளிசை அனுப்பியிருக்கிறா. ஒன்றில் 500 மில்லிகிராம். ஆயுளைக் கூட்டுமாம். அதே பொருள் கச்சானிலும் இருக்கிறதாம். எனக்கு 67 வயது. எதை எடுப்பது?
– வாசகி, மாங்குளம்

பதில்: குளிசையை விடுங்கள் அம்மா, கச்சானைச் சாப்பிடுங்கள். ஆனால் றெஸ்வரட்ரோலுக்காக அல்ல.

பூஞ்சணம் தாக்கும்போது திராட்சையும் கச்சானும் தம்மைக் காக்க உண்டாக்கும் பொருள் அது. கொழுப்புத் தீனி தின்ற எலிகள் அதனால் கூடக்காலம் வாழ்ந்தன என்று 2006இல் செய்தி வந்தது. சாதாரணத் தீனி தின்ற எலிகளுக்கு ஆயுள் கூடவில்லை என்று 2008இல் தெரிந்தது. மனிதரிலும் பார்த்தார்கள். இத்தாலியின் கியாந்திப் பகுதியில் 65 வயதைத் தாண்டிய 783 பேரின் சிறுநீரில் இதன் அளவை எடுத்து 9 வருடம் கவனித்தார்கள். அளவு கூடியவருக்கும் குறைந்தவருக்கும் இறப்பில் வேறுபாடு இல்லை என்பதே 2014இல் வந்த முடிவு.

அவித்த கச்சானில் கிராமுக்குச் சுமார் 5 மைக்ரோகிராம்தான் உண்டு. வறுத்ததில் அதில் நூறில் ஒரு பங்கு. உங்கள் ஒரு குளிசைக்கு ஈடாக 100 கிலோ அவித்த கச்சான் வேண்டும்! எந்தச் சாப்பாட்டிலும் சேராத அளவு இது. இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இந்தக் குளிசையைத் தொடவே கூடாது.

கச்சானுக்கு வேறு பலம் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 2013இல் வெளியான ஆய்வில், தினமும் கச்சான், கஜு போன்றவை சாப்பிட்டவர்களிடம் இறப்பு நூற்றுக்கு 20 குறைவாக இருந்தது. இது அவதானிப்புத்தான், முழு நிரூபணம் அல்ல. கோது நீக்கி 30 கிராம், ஒரு கைபிடி, சிவந்த தோலோடு போதும். பிறஷர் இருந்தால் உப்புப் போட்டு அவிக்காதீர்கள்.

கவலைப்பட வேண்டியது பூஞ்சணத்துக்குத்தான். மழைக்குள் பிடுங்கி ஈரத்தோடு குவித்தால் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு ஊறும். ஈரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஆட்டும்போது கோதுக்குள் பருப்புக் கலகலக்கும்வரை காயவிட்டு, சாக்கை நிலத்தில் வைக்காமல் பலகையில் வையுங்கள். சுருங்கியதும் நிறம் மாறியதும் கசப்பதும் எறிய வேண்டியவை.

கேள்வி: முருங்கையிலையை வெயிலில் காயவைத்து இடித்து வைக்கலாமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: நிழலில் காயவையுங்கள். நேர் வெயிலில் கரோட்டீன் அழியும். முற்றத்தில் மரம் நிற்க இடித்த தூள் எதற்கு? பச்சையிலை வறையே நல்லது. வெங்காயம் வதங்கிய பின் இலையைப் போட்டு 3, 4 நிமிடத்தில் இறக்குங்கள். தேங்காய்ப்பூவைக் குறைக்காதீர்கள், கரோட்டீன் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். இறக்கிய பின் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்துக் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் அந்த இரும்பைச் சாயம் பிடித்துவைத்துவிடும். ஒரு மணித்தியாலம் பொறுங்கள்.

கேள்வி: சிறுநீரகக் கிளினிக்குக்குப் போகும் கணவருக்கும் இலைவகை கொடுக்கலாமா?
– வாசகி, வவுனியா

பதில்: அவருடைய கடைசி இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு என்று கிளினிக்கில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அது கூடியிருந்தால் முருங்கையிலை அவருக்குக் கூடாது. அளவோடு கொடுக்கலாம் என்று சொன்னால், நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள்; பொட்டாசியத்தில் ஒரு பகுதி அதோடு போகும். சொதி வைத்தால் அவ்வளவும் கோப்பைக்குள்தான் வரும்.