பெட்ரோல் தீருமா?

அன்புள்ள ஐயா,

1980களில் நான் பள்ளியில் படித்தபோது, "இன்னும் முப்பது வருஷத்தில் உலகத்தில் பெட்ரோல் தீர்ந்துவிடும்" என்று சார் சொன்னார். இப்போது என் மகளிடம் ஐம்பது வருஷம் என்கிறார்கள். நாள் ஆக ஆக எண்ணெய் கூடுமா என்ன? எங்கள் ஊரைச் சுற்றி இத்தனை காற்றாலை ஓடும்போது நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?

இ., பணகுடி

அன்புள்ள இ.,

உங்கள் சார் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது கையிருப்புக் கணக்கு. எண்ணெய்க்காரர்கள் 'இருப்பு' என்று சொல்வது பூமிக்குள் கிடக்கும் மொத்த எண்ணெயை அல்ல. இன்றைய விலையில், இன்றைய கருவிகளால், கட்டுப்படியாகும்படி எடுக்கக்கூடியதை மட்டும். அது இப்போது சுமார் 1.7 லட்சம் கோடி பீப்பாய். உலகம் நாளொன்றுக்குக் குடிப்பது சுமார் 10 கோடி பீப்பாய். வகுத்து, வரும் நாட்களை வருஷமாக்கிப் பாருங்கள், ஐம்பதுக்குப் பக்கத்தில் வரும். விலை ஏறினாலோ புதுக் கருவி வந்தாலோ இருப்பும் ஏறிவிடும்.

நாங்குநேரிப் பக்கம் எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு கிணறு. கமலை கட்டி இறைத்த காலத்திலேயே அது வற்றிப்போனதாகச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் வெடி வைத்து ஆழப்படுத்தி ஆயில் எஞ்சின் வைத்தார்கள், தண்ணீர் வந்தது. மறுபடி வற்றியது, கரண்ட் மோட்டார், சைடு போர். மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் தண்ணீரோடு கடனும் ஊறியது. கடைசியில் வாழை விற்ற காசு வட்டிக்கே காணாமல் விவசாயத்தை விட்டார். அன்றைக்கும் கிணற்றடியில் தண்ணீர் கிடந்தது.

எண்ணெயின் கதையும் ஏறக்குறைய இதுதான். அமெரிக்க எண்ணெய் உற்பத்தி 1970 வாக்கில் உச்சம் தொட்டு இறங்கும் என்று ஹப்பர்ட் என்ற புவியியலாளர் 1956இல் சொன்னார். சொன்னபடியே இறங்கியது. பிறகு பாறையை நீரழுத்தத்தால் உடைத்து எடுக்கும் முறை பரவி, 2018இல் அந்தப் பழைய உச்சத்தையே தாண்டிவிட்டார்கள். ஆனால் அந்தப் பாறைக் கிணறுகள் முதல் வருஷத்திலேயே பாதிக்கு மேல் படுத்துவிடும். புதிது புதிதாகத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். சித்தப்பாவின் கிணற்றுக்காவது ஐப்பசி, கார்த்திகை மழை உண்டு. எண்ணெய் ஊறப் பல கோடி வருஷம் வேண்டும்.

ஆகவே ஒரு நாள் காலையில் கடைசிச் சொட்டு தீர்ந்துபோகும் என்று நான் நினைக்கவில்லை. அதற்கு வெகு முன்பே எடுக்கிற செலவு தாங்காமல் போகும், அல்லது வாங்க ஆள் குறையும்.

காற்றாலைக்கு வருவோம். அது மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் நிலக்கரியை. இந்தியாவில் எண்ணெய் எரித்து மின்சாரம் எடுப்பது மிகக் குறைவு. எண்ணெய் போவது லாரிக்கும் பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும். அந்தக் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. களக்காட்டு வாழைத்தாரை ஏற்றிப்போகும் லாரி கரண்டில் ஓடும்வரை, உங்கள் ஊர்க் காற்றாலைக்கும் நாற்கரச் சாலையில் இருக்கும் பெட்ரோல் பங்குக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.