சுறாவுக்கு ஆயிரம் கோடி

கேள்வி: மூன்று வயதுப் பேரன் நாள் முழுக்க 'பேபி ஷார்க்' கேட்கிறான். சுறா என்றால் புட்டு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். நாலே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லும் இதெல்லாம் ஒரு பாட்டா? எப்படி உலக ஹிட் ஆனது?
- வாசகர், காசிமேடு

பதில்: உங்கள் பேரனால்தான். தென் கொரியாவின் பிங்க்ஃபாங் நிறுவனம் 2016-ல் யூடியூபில் ஏற்றிய வீடியோ அது. 2022 ஜனவரியில் 1,000 கோடிப் பார்வைகளைத் தொட்டது. உலக ஜனத்தொகையே அப்போது 800 கோடியை எட்டவில்லை. மிச்சக் கணக்கு, தாத்தாவின் போனைப் பிடுங்கிவைத்திருக்கும் வாண்டுகளுடையது.

முன்பெல்லாம் குழந்தைப் பாட்டு ஹிட்டாக, பெரியவர்கள் கடைக்குப் போய் இசைத்தட்டு வாங்க வேண்டும். 1980 கிறிஸ்துமஸுக்கு இங்கிலாந்தில், பள்ளிப் பிள்ளைகள் பாட்டியைப் பற்றிப் பாடிய பாட்டு முதலிடம் பிடித்தது அப்படித்தான். அமெரிக்காவில் ஹிட் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலோ 2013 முதல் யூடியூப் பார்வைகளையும் சேர்த்துக்கொண்டது. அப்புறம் காசு எதற்கு, விரல் போதாதா? 2019 ஜனவரியில் சுறாக்குட்டி அந்தப் பட்டியலில் 32-வது இடத்தில் நீந்தியது.

'இதெல்லாம் ஒரு பாட்டா' என்கிறீர்கள். 'கை வீசம்மா கை வீசு' மட்டும் என்ன, சித்தர் பாடலா? அதிலும் ஒரே சொல்தான் சுற்றிச் சுற்றி வருகிறது, கையும் ஆடுகிறது. இதில் குட்டிச் சுறாவுக்கு இரண்டு விரல், அப்பா சுறாவுக்கு இரண்டு கையும் அகல விரித்த வாய். பேச்சு வராத பிள்ளையும் சேர்ந்துகொள்ளலாம். பாட்டும் புதிதல்ல. அமெரிக்கப் பிள்ளைகள் கோடை முகாம்களில் வெகுகாலம் பாடிவந்ததுதான். கொரியாக்காரர்கள் தாளத்தை முடுக்கிவிட்டார்கள்.

பெரியவர்களுக்கு இது சித்திரவதை என்பது சரி. 2019-ல் ஃபுளோரிடாவின் வெஸ்ட் பாம் பீச் நகர நிர்வாகம், வீடில்லாதவர்கள் ஏரிக்கரை மண்டபத்தில் படுக்காமலிருக்க இரவெல்லாம் இதைத்தான் ஒலிக்கவிட்டது. (அந்த யோசனை சொன்னவரை ஓர் இரவு அங்கே படுக்க வைத்திருக்க வேண்டும்.)

போன ஞாயிறு உங்கள் காசிமேட்டுக்கு மீன் வாங்க வந்திருந்தேன். ஓர் அம்மா பால்சுறாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கவிழ்த்த கூடைமேல் ஒரு பொடியன், கையில் போன், அதே பாட்டு. நான் பேரம் பேசி முடிப்பதற்குள் நாலு தடவை ஓடிவிட்டது. நிஜச் சுறாவை அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எப்பவும் இதேதானா?" என்றேன்.

"வியாபாரம் பாக்க வேணாமா? நான்தான் போட்டுக் குடுத்தேன்" என்றார்.