அழி என்றால் ஏன் அழியவில்லை?

கேள்வி: அப்பாவின் பனம்பொருள் கடைக்கு ரெயில்ஸில் (வலைச்செயலிகள் செய்யும் கட்டமைப்பு) ஒரு கையிருப்புப் பதிவேடு செய்திருக்கிறேன். ஒடியல், பனாட்டு, பனங்கற்கண்டு எல்லாவற்றையும் சேர்க்கவும் திருத்தவும் முடிகிறது. ஆனால் 'அழி' என்ற இணைப்பை அழுத்தினால் அந்தப் பொருளின் பக்கம்தான் திறக்கிறது. 'நிச்சயமா?' என்ற கேள்வியும் வருவதில்லை. பழைய வீடியோப் பாடம் ஒன்றில் இருந்தபடியே எழுதினேன். ரூட்டை, அதாவது எந்தக் கோரிக்கை எந்த வேலைக்குப் போகும் என்று சொல்லும் வரியை, 'கெட்' ஆக மாற்றினால் சரிவரும் என்கிறான் நண்பன். மாற்றலாமா?
— மாணவர் ஒருவர், சுன்னாகம்

பதில்: மாற்ற வேண்டாம், தம்பி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் சேர்வர் ஓடுகிற கறுப்புத் திரையைப் பாருங்கள். 'அழி'யை அழுத்தியதும் அங்கே ஒரு வரி விழும். உங்களுக்கு அது 'ஸ்டார்ட்டட் கெட்' என்று தொடங்கி, பொருளின் முகவரியோடு முடியும். வர வேண்டியது 'ஸ்டார்ட்டட் டிலீட்'. முகவரி இரண்டுக்கும் ஒன்றேதான். கெட் என்று போனால் ரெயில்ஸ் பொருளைக் காட்டும், டிலீட் என்று போனால் அழிக்கும். உங்கள் சிக்கல் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

சாதாரண இணைப்பை அழுத்தினால் பிரவுசர் கெட் மட்டும்தான் அனுப்பும். ஃபோர்ம் என்றால் தகவலைக் கொடுக்கும் போஸ்டும் அனுப்பும். டிலீட் அதற்குத் தானாக வராது. பழைய ரெயில்ஸில் இணைப்போடு 'மெதட் டிலீட்' என்று எழுதினால், கூடவே வந்த யூஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் மறைவாக ஒரு ஃபோர்ம் செய்து, டிலீட் என்ற சொல்லை அதற்குள் வைத்துப் போஸ்டாக அனுப்பிவிடும். 2021 டிசம்பரில் வந்த ரெயில்ஸ் 7இல் அந்த வேலை டர்போ என்ற வேறொரு ஜாவாஸ்கிரிப்டின் கைக்குப் போய்விட்டது. டர்போ அந்தப் பழைய எழுத்தைக் கவனிப்பதில்லை. 'நிச்சயமா?' வராததும் அதனால்தான்.

இணைப்பாகவே வேண்டுமென்றால் 'டேட்டா'வுக்குள் டர்போ மெதட், டர்போ கன்ஃபர்ம் இரண்டையும் கொடுங்கள். சொற்களுக்கிடையே அடிக்கோடு வர வேண்டும். நான் என்றால் இணைப்புச் செய்யும் 'லிங்க் டூ'வை விட்டு, பொத்தான் செய்யும் 'பட்டன் டூ' போடுவேன். அதில் 'மெதட் டிலீட்' அப்படியே செல்லும். பக்கத்தில் உண்மையான ஃபோர்ம் ஒன்று இருப்பதால் ஜாவாஸ்கிரிப்ட் ஏறாவிட்டாலும் அழியும். 'நிச்சயமா?' கேட்கும் டர்போ கன்ஃபர்மை மட்டும் ஃபோர்முக்குரிய டேட்டாவில் வையுங்கள்.

அப்புறம், அழித்து முடித்துப் பட்டியலுக்குத் திருப்பி அனுப்பும் வரியில் ஸ்டேட்டஸ் (பிரவுசருக்குச் சொல்லும் பதில் எண்) 'சீ அதர்', அதாவது 303 என்று சேருங்கள். வழக்கமான 302 போனால் பிரவுசர் டிலீட்டையே பிடித்துக்கொண்டு பட்டியல் முகவரிக்கும் போகக்கூடும். அங்கே அப்படி ஒரு ரூட் இல்லை என்று பிழை வரும். இன்னொரு பொருளின் பக்கத்துக்குத் திருப்பியிருந்தால் அதுவும் சேர்ந்து அழிந்துபோகலாம்.

இனி நண்பர் சொன்ன வழி. கெட் என்பது பார்ப்பதற்கு. எத்தனை தரம் பார்த்தாலும் எதுவும் மாறாது என்று நம்பித்தான் தேடுபொறிகளும் பக்கங்களை முன்கூட்டியே எடுத்துவைக்கும் மென்பொருள்களும் இணைப்புகளைத் தொடர்கின்றன. 2005இல் கூகுள் வெப் ஆக்சலரேட்டர் வந்தபோது இதுதான் நடந்தது. ஆட்கள் தொடாத 'அழி' இணைப்புகளை அது முன்கூட்டியே எடுத்துப் பார்த்தது. சில தளங்களில் தரவுகள் அழிந்தன. அப்பா இரவிரவாக இருந்து பதிந்த கணக்கு அப்படிப் போகக்கூடாது.

கறுப்புத் திரையில் டிலீட் வந்தும் பனாட்டு பட்டியலிலேயே இருந்தால், அதன் விற்பனைப் பதிவுகள் அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். 'டிபென்டன்ட் டெஸ்ட்ராய்' போட்டால் பொருளோடு விற்பனையும் போய்விடும். கடைக்கணக்கில் அதைச் செய்யாதீர்கள். 'இப்போது விற்பதில்லை' என்று பொருள் அட்டவணையில் ஒரு நிரல் (காலம்) சேர்த்து, பட்டியலில் மட்டும் மறைத்துவிடுங்கள். போன தையில் எத்தனை பனாட்டு விற்றது என்று அப்பா கேட்டால் எடுத்துக் காட்டலாம்.