எம்.பில். இருந்த இடம்

அன்புள்ள சார்,

அருப்புக்கோட்டை பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். எம்.ஏ. முடித்து 13 வருடமாகிறது. பிஎச்.டி.க்கு முந்தைய சிறு ஆய்வுப் படிப்பான எம்.பில். சேர நினைத்தபோது கைக்குழந்தை. இப்போது அந்தப் படிப்பே இல்லை என்கிறார்கள். முழுநேரம், பகுதிநேரம், தொலைநிலை என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எந்தப் பிஎச்.டி.க்கு மதிப்பு அதிகம்? ‘தென்மாவட்ட மக்களின் வாழ்வியல் – ஓர் ஆய்வு’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். என் மாமியார் நன்றாக ஒப்பாரி பாடுவார். அதையும் ஓர் இயலாகச் சேர்க்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சருக்கு,

வேலையை விடாமல் பகுதிநேரமாகச் சேருங்கள். பள்ளியில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டியிருக்கும். தொலைநிலையில் பிஎச்.டி. தருகிறோம் என்று யாராவது வந்தால் காசைக் கொடுத்துவிடாதீர்கள், யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அதை ஏற்பதில்லை. 2022 விதிகளின்படி குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. பெண்களுக்கு மேலும் 2 வருடம் தளர்வு உண்டு, மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கென 240 நாள் விடுப்பும் உண்டு. விதிப்படி செய்த பகுதிநேரப் பட்டத்துக்கு மதிப்பு ஒன்றும் குறைவில்லை. இதற்கு மேல் மதிப்பைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

எம்.பில். போனதைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. தரமில்லை என்றார்கள். உண்மைதான், பல்கலைக்கழக வாசல்களிலேயே காசுக்கு ஆய்வேடு எழுதித் தரும் கடைகள் இருந்தன. அந்தக் கடைகளில் இப்போது பிஎச்.டி. எழுதித் தருகிறார்கள். ஏணியின் முதல் படி மட்டும்தான் போனது. அந்தப் படியில் கால் வைத்தவர்கள் யார்? அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புகளைப் பாருங்கள். பிஎச்.டி.யில் ஆண்கள் அதிகம், எம்.பில்.லில் பெண்கள்தான் அதிகமாக இருந்தார்கள். கல்யாணப் பேச்சு தொடங்குவதற்குள் ஒரு வருடம், ஒன்றரை வருடம் வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த பெண்கள் அவர்கள். ஆறு வருடம் யார் கொடுப்பார்கள்? இன்றைக்கு நான்காண்டு இளங்கலையில் 75 விழுக்காடு எடுத்தவர் முதுகலைகூட இல்லாமல் நேரே பிஎச்.டி.க்குப் போகலாம். எம்.பில். எதற்கு, பிஎச்.டி.யிலேயே 12 கிரெடிட் பாடங்கள் வைத்திருக்கிறோம், அது போதும் என்கிறார்கள். பாடத்தைப் படித்துப் பரீட்சை எழுதுவதும், ஒரு சின்ன விஷயத்தைத் தானே தேடிப்போய்க் கண்டு எழுதுவதும் ஒன்றா? தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.லிட். என்ற ஆய்வுப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது சங்கப் பாடல்களில் இயற்கை. முனைவர் பட்டம் பிறகு லண்டனில் வாங்கியதுதான். அவரை உலகத்துக்குக் காட்டியது அந்த முதல் ஆய்வு.

நான் எம்.பில். செய்தது 1986இல். உங்களைப் போலவே பெரிய தலைப்போடு போனேன், ‘நாட்டார் பாடல்களில் பெண்’. நெறியாளர் வாசித்துவிட்டு, “எந்த ஊர்ப் பெண்?” என்றார். மூன்று ஊர், நடவுப் பாட்டு மட்டும், என்று வெட்டிக் கொடுத்தார். அன்றிரவு அழுகையே வந்துவிட்டது. கடன் வாங்கிய டேப் ரெக்கார்டரோடு வயலுக்குப் போய்ப் பாட்டுகளைப் பதிந்து, ‘கொச்சை’ என்று தோன்றியதையெல்லாம் திருத்தி எழுதிக்கொண்டு போனேன். பக்கம் முழுக்கச் சிவப்பு மை. “அந்தம்மா சொன்னதை எழுது. நீ சொன்னதைக் கேட்க நான் உட்காரவில்லை.”

திரும்பப் போனேன். ஒரு கிழவி, வயலில் பாடிய அதே பாட்டைத் தன் வீட்டுத் திண்ணையில் ராத்திரி பாடினார். இரண்டு அடி கூடுதலாக வந்தது. கூலி நெல் அளக்கிற மரக்காலில் குறைவு என்கிற அடிகள். வரப்பில் பண்ணையார் நின்றபோது அவை வரவில்லை. ஏனென்று கேட்டேன், சிரித்தார், பதில் சொல்லவில்லை. 98 பக்க ஆய்வேட்டில் அந்த இரண்டு அடிக்காக 11 பக்கம் எழுதினேன். இன்றுவரை நான் எழுதுவதெல்லாம் அந்தத் திண்ணையில் கற்றதுதான்.

பிறகு வேறொரு இடத்தில் பிஎச்.டி. முடித்தேன். அங்கே நெறியாளரின் கையெழுத்துக்காக அவர் வீட்டுக் கூடத்தில் காத்திருந்த நாட்கள்தான் நினைவிருக்கின்றன. ஆய்வைப் பற்றி அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அதனால் பல்கலைக்கழகத்தின் பெயரை விசாரிப்பதை விட்டுவிட்டு, நெறியாளரிடம் முன்பு ஆய்வு செய்த இரண்டு பேரைத் தேடிப்பிடித்து விசாரியுங்கள்.

உங்கள் தலைப்பைத் தூக்கிப் போடுங்கள். தென்மாவட்டம் எத்தனை? மக்கள் யார்? வாழ்வியல் என்றால் என்ன? இந்தச் சொற்களை ஒட்டிய ஆயிரம் ஆய்வேடுகள் நூலகங்களில் தூசு படிந்து கிடக்கின்றன, ஒரு மனிதரின் குரல்கூட அவற்றில் கேட்காது. கடைசி வரியில் போகிறபோக்கில் மாமியாரின் ஒப்பாரியைச் சொல்லியிருக்கிறீர்கள். ஓர் இயலாம்! அதுதானம்மா உங்கள் ஆய்வு. யார் சாவுக்கு எதைப் பாடுகிறார், கணவனுக்குப் பாடியதைத் தாய்க்குப் பாடுவாரா, பிறந்த வீட்டாரை எந்த அடியில் குத்திக்காட்டுகிறார், யார் வந்து உட்கார்ந்ததும் ஓர் அடியை விழுங்குகிறார். அவருக்கு வயது என்ன என்று எழுதவில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

பதிவு, நுழைவுத் தேர்வெல்லாம் மெதுவாக ஆகட்டும். எம்.பில். இல்லாவிட்டால் என்ன, அந்த ஒரு வருடத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து ஒப்பாரி பாடுவது ஆகாது என்று மாமியார் மறுப்பார். வற்புறுத்தாதீர்கள். எங்கே, எப்போது பாடலாம் என்று அவரே சொல்லட்டும். போனில் பதிகிறேன் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். முதல் பாட்டை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். ஓர் எழுத்துகூடத் திருத்தக் கூடாது.