ரஸ்ட்: ஒவ்வொரு முறையும் பில்ட் வேண்டாம்

பைத்தான் நிரல்மொழியிலிருந்து ரஸ்ட் மொழிக்கு வந்து, சின்னத் திருத்தத்துக்கும் ‘கார்கோ பில்ட்’ (நிரலை இயங்கு கோப்பாக மாற்றும் கட்டளை) ஓட்டிக் காத்திருப்பதாகவும், இ0382 பிழை விடாமல் துரத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

பில்டுக்குப் பதில் ‘கார்கோ செக்’ அடியுங்கள். பிழைகளை மட்டும் பார்க்கும், இயங்கு கோப்பை உருவாக்காது, அதனால் வேகம்.

அப்புறம், ‘ரஸ்ட்சி --எக்ஸ்ப்ளைன் இ0382’ (rustc --explain E0382) அடியுங்கள். ஒரு மதிப்பின் உரிமை கைமாறிய பிறகும் பழைய மாறியின் பெயரிலேயே அதைத் தொட்டால் வரும் பிழை இது. எடுத்துக்காட்டோடு விளக்கம் டெர்மினலிலேயே வரும். எனக்கு ரஸ்ட்டைக் கற்றுக்கொடுத்ததே இந்தக் கட்டளைதான். பிழையைத் தீர்க்க உடனே ‘க்ளோன்’ போட்டு மதிப்பை நகலெடுத்துவிடாதீர்கள்; ‘&’ சேர்த்து, உரிமையை மாற்றாமல் கடனாகக் கொடுத்தாலே பெரும்பாலும் போதும்.

ரஸ்ட்டை ‘ரஸ்டப்’ என்ற நிறுவல் கருவி வழியாக நிறுவியிருந்தால், ‘ரஸ்டப் டாக்’ இணையம் இல்லாமலே ஆவணங்களைத் திறக்கும். நிரலை மேம்படுத்தக் குறிப்புகள் தரும் ‘கார்கோ கிளிப்பி’யைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிழை தீரவில்லையென்றால் அந்த ஃபங்ஷனை இங்கே ஒட்டுங்கள், பார்க்கிறேன்.