ஈறில் இரத்தம் வரும் இடத்தைத் துலக்காமல் விடாதீர்கள்
வணக்கம். கீழ் முன்பற்களின் ஈறுகளில் இரத்தம் கசிவதால் ஒரு மாதமாக அந்த இடத்தைத் துலக்காமல் விட்டிருப்பதாகவும், பல்லைச் சுத்தம் செய்தால் ஆடத் தொடங்கிவிடும் என்று உங்கள் அம்மா அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். துலக்காமல் விடுவதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. ஈறோரத்தில் படியும் மெல்லிய கிருமிப் படலம் சில நாட்களிலேயே உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தால் இறுகிக் காரையாகிவிடும். அதன்பின் எந்தப் பிரஷ்ஷாலும் அதை அகற்ற முடியாது. கீழ் முன்பற்களின் உட்புறத்தை நாக்கால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் அது பெரும்பாலும் காரைதான்.

அம்மாவின் அச்சம் பலரிடமும் உள்ளது. ஈறு நோயால் பல்லைத் தாங்கும் எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும் வாயில் காரையே பற்களைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். அதை அகற்றியதும் முன்பே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீக்கம் ஈறோடு நிற்கும்வரை முழுமையாகக் குணமாகும், ஆனால் கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளராது. ஆகவே தள்ளிப்போடாமல் பல் மருத்துவரிடம் சென்று, ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை அளக்கச் சொல்லுங்கள். பொதுவாக 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் அச்சமில்லை.

இன்றிரவே மென்மையான பிரஷ்ஷை ஈறோரத்தில் 45 பாகை சாய்த்து, அழுத்தாமல், 2 நிமிடம் துலக்குங்கள். பல்லிடுக்குகளைத் தினமும் ஒருமுறை அதற்கென விற்கும் பல் நூலால் (ஃப்ளாஸ்) சுத்தம் செய்யுங்கள். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை ஈறு நோயைத் தீவிரமாக்கும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.